‘குளிர் அழுத்தம்’ என்பதற்கு மாற்றுச் சொல் தேவை (வெள்ளிக்குள்)

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர்க்கு வணக்கம். வளைகுடாவில் பிக்கப் ஓட்டும் நம்மவர்களுக்கான டயர்ப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன்; வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘கோல்ட் பிரஷர்’ என்பதை முந்தைய பதிப்பில் ‘குளிர் அழுத்தம்’ என்று போட்டிருக்கிறார்கள். 45 டிகிரி வெயிலில் நிற்கும் ஓட்டுநர் இதைக் குளிர்காலத்து அளவு என்றுதான் கொள்வார். வண்டி 3 மணி நேரமாவது நின்றபின், வெயில் படாத டயரில் அளப்பது என்பதே இதன் பொருள். ஓடிச் சூடேறிய டயரில் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கூடுதலாகக் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு வண்டி கிளம்பும்.

வேறு வகை டயருக்கு மாறுவது பற்றிய பகுதியில்தான் இச்சொல் மிகுதி. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவு, வண்டியோடு வந்த டயர் வகைக்கு உரியது. பயணியர் வகையைக் கழற்றி இலகு சரக்கு வகையைப் பூட்டியவர் பழைய 35 பி.எஸ்.ஐ.யையே அடித்தால், புது டயர் முன்னதைவிடக் குறைந்த பாரமே தாங்கும். எந்த அழுத்தத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் பார அட்டவணையைப் பார்த்துக் காற்றைக் கூட்ட வேண்டும். பக்கச்சுவரில் 80 என்று பொறித்திருக்கிறதே என்று வெற்று வண்டிக்கு 80 அடித்தாலோ, வண்டி துள்ளும், டயர் நடுவில் தேயும். இந்த அளவுகள் எல்லாமே ‘கோல்ட்’ அளவுகள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘தண்ணழுத்தம்’ என்க. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வர இரட்டும், புணர்ச்சியில் பழுதில்லை. வெந்நீருக்கு எதிராகத் தண்ணீர் நிற்பதுபோல் வெவ்வழுத்தத்திற்கு எதிராக இது நிற்கும்.

பட்டறை நடத்தும் உறுப்பினர்:

ஐயா, ‘சுடுதண்ணீர்’ என்று ஊரே சொல்லும்போது ‘தண்’ என்பதில் குளிர்ச்சி எங்கே மிஞ்சியிருக்கிறது? எங்கள் பட்டறைக்கு வருபவர், ‘வண்டி ஆறட்டும், அப்புறம் காற்றுப் பாருங்கள்’ என்றுதான் சொல்கிறார். ‘ஆறிய நிலை அழுத்தம்’ என்றால் விளக்கவுரையே வேண்டாம்.

தமிழாசிரியர்:

ஆறுவது சினம் என்றாள் ஔவை. ஆறுதற்கு முன்பே ஒரு கொதிப்பு இருந்திருக்க வேண்டும். கடையிலிருந்து எடுத்து இப்போதுதான் பூட்டிய புது டயர் எதிலிருந்து ஆறிற்று? தாங்கள் சுருக்கம் கருதி ‘ஆறழுத்தம்’ என்று வினைத்தொகையாக்கினாலோ, ஆறு அழுத்தங்கள் எவை என்று மாணவன் எண்ணத் தொடங்குவான்.

பொறியியல் கல்லூரி விரிவுரையாளர்:

அப்படியானால் ‘ஓடாநிலை அழுத்தம்’ என்று ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக வைக்கலாமே.

பட்டறை உறுப்பினர்:

நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு ஐந்து நிமிடத்துக்கு முன் நிறுத்திய வண்டியும் ஓடாநிலையில்தான் இருக்கிறது. தொட்டால் கை சுடும்.

நாஞ்சில் நாட்டு உறுப்பினர்:

காய்ச்சாத நீரைப் ‘பச்சைத் தண்ணீர்’ என்கிறோம். சூடேறாத டயரின் காற்றைப் ‘பச்சைக் காற்று’ எனலாம். ஆசிரியர் ஐயா கேட்ட புது டயருக்கும் பொருந்தும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், ஓட்டுநருக்குப் புரியும்.

மொழிபெயர்ப்பாளர்:

நேற்றிரவு அங்குள்ள ஓட்டுநர் ஒருவரிடம் தொலைபேசியில் நான்கு சொற்களையும் படித்துக் காட்டினேன். ‘பச்சைக் காற்று’ என்றதும், பச்சை மூடி போட்ட வால்வில் அடிக்கும் நைட்ரஜனா என்று கேட்டார். ‘தண்ணழுத்தம்’ என்பதை இருமுறை சொல்லச் சொன்னார். ‘ஆறிய நிலை’ என்றதும், ‘காலையில் வண்டி எடுக்கும் முன்னால்தானே?’ என்றார். ஆகவே ‘ஆறிய நிலைக் காற்றழுத்தம்’ என்றே அனுப்புகிறேன். முதல் முறை வருமிடத்தில் ‘புதிதாகப் பூட்டி இன்னும் ஓட்டாத டயருக்கும் இதுவே’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

தமிழாசிரியர்:

அந்த ஒரு வரி தேவைப்பட்டதே என் தடைக்குச் சான்று. சொல்லடைவில் ‘தண்ணழுத்தம்’ என்பதையும் அடைப்புக்குறிக்குள்ளாவது இடுக.