புதுப்பிப்பு: ஹட்டன் நண்பர்கள் மாஸ்டடானுக்கு வந்துவிட்டார்கள்

தொழில்நுட்பம் அதிகம் பழகாத நண்பர்களை, பல தனித்தனிச் சேவையகங்கள் இணைந்து இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் எப்படிச் சேர்ப்பது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எந்தச் சேவையகத்தில் கணக்குத் திறப்பது என்று அவர்களைக் கேட்டுக் குழப்பவில்லை. செயலி முதலில் காட்டியதிலேயே கணக்குத் திறந்தோம். பிறகு வேறொன்றுக்கு மாறினால் பின்தொடர்பவர்களும் கூட வருவார்கள், பழைய பதிவுகள்தான் வராது.

சிக்கல், இன்னும் யாரையும் பின்தொடராததால் வெறுமையாக இருந்த முகப்பில்தான். "ஒன்றுமே இல்லையே தம்பி?" என்றார் கொட்டகலை அக்கா. 2022இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஹேஷ்டேக்கையும் பின்தொடரலாம் என்று நீங்கள் சொன்னது அங்கேதான் கைகொடுத்தது. மலையகம், தேயிலை, சமையல் மூன்றையும் போட்டுக்கொடுத்தேன். அப்புறம் அவரே தோட்டத்து லீக்ஸைப் படமெடுத்துப் போட்டு, பட விளக்கத்தில் "காலையில் மழைக்குப் பிறகு பிடுங்கியது" என்று எழுதினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

தமிழில் தொடர்ந்து எழுதும் கணக்குகள் தெரிந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் சிலர் சேர வருகிறார்கள்.