சங்கஞ்செடி வைத்தால் யாரெல்லாம் வருகிறார்கள்

எங்கள் காடு காங்கேயம் பக்கம். கொரங்காட்டு நிலம், அதாவது மேய்ச்சல் காடு, சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராக வேலியை ஜேசிபி விட்டுப் பிடுங்கிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள், அதோடு அந்தப் பக்கம் கவுதாரிச் சத்தமும் குறைந்துபோனது. அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வேலியில் கிளுவை பட்டுப்போன இடத்திலெல்லாம் சங்கஞ்செடி வைக்க ஆரம்பித்தோம். சங்கு என்றும் சொல்வோம், நம் ஊர் முள்புதர்தான்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் எவ்வளவு பூத்தாலும் காய்க்காது. பெண் செடிக்கும் பக்கத்தில் ஆண் இருந்தால்தான் நல்ல காய்ப்பு. நாற்றைப் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது, பூத்தால்தான் தெரியும். அதனால் ஒன்றிரண்டு செடியை வைத்துவிட்டு "காய்க்கவே மாட்டேங்குது" என்று வெட்டிவிடாதீர்கள். ஒரே இடத்தில் ஏழெட்டு விதை போடுங்கள். பழத்தைப் பிசைந்து, சதையைக் கழுவிவிட்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் ஊன்றினால் போதும். முதல் கோடைக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர், ஆடு வாய் வைக்காமல் மேலே முள் கவிழ்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழம் முத்து மாதிரி வெள்ளையாக இருக்கும். பழுக்கத் தொடங்கிவிட்டால் கொண்டைக்குருவிகள் விடிந்ததும் வந்துவிடும், குயிலும் வரும். கணுவுக்கு நான்கு முள் என்பதால் பூனையால் உள்ளே நுழைய முடியாது, வல்லூறு தலைக்கு மேல் வந்தால் தவிட்டுக்குருவிக் கூட்டம் மொத்தமும் கத்திக்கொண்டே அதற்குள் பாய்ந்துவிடும். அடியில் கவுதாரி குஞ்சுகளோடு ஒதுங்குவதை நானே பார்த்திருக்கிறேன், அன்றைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

அப்புறம், இலையில் புழு இருந்தால் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். ஸ்மால் சால்மன் அராப் என்ற வெளிர் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி இந்தச் செடியில் முட்டையிடும், அதன் புழு இந்த இலையைத் தின்றுதான் வளரும்.

குருவிக்குப் பழம் வேண்டும் என்று உண்ணிச்செடியை (லாண்டானா) மட்டும் வளர்க்காதீர்கள். குருவி தின்னும், உண்மைதான், ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி, எச்சத்தில் விதை பரவி மேய்ச்சல் நிலத்தையே மூடிவிடும், மாடு தின்றால் ஈரல் கெட்டுவிடும். நம் ஊரிலேயே சங்கு, காரை, சூரை, களா என்று இத்தனை இருக்கும்போது அது எதற்கு?

வரும் மழைக்குக் கிழக்கு வேலியில் காரை போடப் போகிறோம். சங்கு விதை எங்களிடம் நிறைய இருக்கிறது, வேண்டுமென்றால் கேளுங்கள்.