எடை தெரியாத என் பெரிய கெளுத்தி

பெரிய கெளுத்தி பிடித்தேன் என்று சொன்னதும் "எத்தனை கிலோ?" என்றுதான் கேட்கிறார்கள். நான் பிடித்ததிலேயே பெரியதற்கு எடை தெரியாது. நீளம் 1.7 மீட்டர்.

ஆறு வளையும் இடத்தில் நீரோட்டம் கரையைக் குடைந்து உண்டாக்கிய மடுவில்தான் அதைப் பிடித்தேன். பகலெல்லாம் கெளுத்தி அங்கே மூழ்கிய மரங்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். இருட்டிய பின்தான் ஆழமில்லாத பக்கம் மேய வரும். மீசையில் மட்டுமல்ல, உடல் முழுவதிலும் அதற்குச் சுவை அரும்புகள் உண்டு. கலங்கல் நீரிலும் இரை தப்பாது. ஆகவே இரத்தம் கசியும் புது மீன் துண்டை வட்ட முள்ளில் (நுனி உள்நோக்கி வளைந்த தூண்டில் முள்) கோத்து, மடுவின் விளிம்பில் போட்டிருந்தேன்.

நள்ளிரவு தாண்டி, தூண்டில் கோலின் நுனி இருமுறை துடித்தது. பிறகு மெல்ல வளைந்து, நிமிரவே இல்லை. வட்ட முள்ளை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மீன் இரையோடு திரும்பும்போது அதுவாகவே வாயோரத்தில் ஏறிக்கொள்ளும். பாரம் தெரிந்ததும் கோலைத் தூக்கினேன். ரீல் கதறியது. கெளுத்தி துள்ளி வித்தை காட்டுவதில்லை, நேராக அடியாழத்துக்குப் போய்ப் படுத்துவிடும். அது தலையை உதறும் ஒவ்வோர் அதிர்வும் தூண்டில் நரம்பு வழியாக என் முழங்கை வரை வந்தது. கரையருகில் உருண்டு நரம்பைத் தன்மேல் சுற்றிக்கொண்டபோதுதான் உண்மையாகவே பயந்தேன். பலருக்கு நரம்பு அறுவது அங்கேதான்.

கையுறையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைப் பற்றினேன். உள்ளே பொடிப்பற்கள் அரம்போல உரசின. செதில் இல்லாத மீனுக்கு மேலிருக்கும் வழவழப்புதான் காப்பு. காய்ந்த மணலில் புரட்டினால் அது போய்விடும். நனைத்த தார்ப்பாயில் கிடத்தி, நாடாவால் அளந்து, முள்ளைக் கழற்றினேன். இவ்வளவு பெரிய உடலைத் தாடையில் மாட்டித் தொங்கவிட்டு எடை பார்ப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

2005இல் தாய்லாந்தில், மீகாங் ஆற்றில் 293 கிலோ ராட்சதக் கெளுத்தி ஒன்று சிக்கியது. உயிரோடு விட நினைத்தும் அது பிழைக்கவில்லை. அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அது. 2023இல் இத்தாலியின் போ ஆற்றில் 285 சென்டிமீட்டர் நீளமுள்ள வெல்ஸ் கெளுத்தி (ஐரோப்பாவின் பெரிய கெளுத்தி இனம்) கிடைத்தது. பிடித்தவர் மீனை வதைக்க வேண்டாம் என்று எடை போடாமலே ஆற்றில் விட்டார். நான் கொண்டாடும் சாதனை இந்த இரண்டாவதுதான்.

என் மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத் தாங்கிப் பிடித்திருந்தேன். செவுள்கள் சீராக அசைந்து, வால் என் கையைத் தள்ளும் வரை விடவில்லை. கோடையில் நீர் சூடேறி ஆக்சிஜன் குறைந்திருந்தால் மீன் தெளிய இன்னும் நேரமாகும். அப்போது புகைப்படத்தை மறந்துவிட்டு, நீரிலேயே முள்ளைக் கழற்றி அனுப்புங்கள்.