டெசராக்ட் 5 இன்ஸ்டோல் ஆகிவிட்டது, ஆனால் ஓடவில்லை. அவசரம்

திருமலை_வாசிகசாலை:
வணக்கம். ஸ்கேன் பண்ணிய படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் நிரலை மூலநிரலில் இருந்து கொம்பைல் பண்ணினேன். மேக் இன்ஸ்டோல் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஓட்டினால் லைப்ரரி (நிரல் ஓடத் தேவையான துணை பைல்) இல்லை என்கிறது. லைப்ரரி இருக்கிறது, போல்டருக்குள் போய்ப் பார்த்துவிட்டேன். நாளை மாலை ஸ்கேனரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மட்டுநகர்_பைத்தன்:
எந்த லினக்ஸ்? எந்தப் பதிப்பு? பிழைச் செய்தியை முழுதாக ஒட்டுங்கள். லைப்ரரி இல்லை என்று பல காரணத்துக்கு வரும்.

கிண்ணியா_நானா:
தம்பி, ரேம் எவ்வளவு? என் சந்தேகம் அங்கேதான். எண் போடாமல் 'மேக் -ஜே' என்று மட்டும் கொடுத்தால் அது கணக்கில்லாமல் வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கும். சின்ன மெசினில் ரேம் நிரம்பி, லினக்ஸின் மையமான கேர்னல் ஏதாவது ஒன்றைக் கொன்றுவிடும். 'மேக் கிளீன்' போட்டு, பிறகு 'மேக் -ஜே2' கொடுங்கள். ரேம் போதாதபோது டிஸ்கில் இடம் தருகிற சுவாப்பையும் 2 ஜீபி கூட்டுங்கள்.

மட்டுநகர்_பைத்தன்:
நானா, மேக் நடுவில் செத்திருந்தால் இன்ஸ்டோல் வரைக்கும் போயிருக்காதே.

கிண்ணியா_நானா:
போகாதுதான். ஆனாலும் ரேம் எவ்வளவு என்று சொல்லட்டும்.

பழைய_கேர்னல்:
இப்படி அரைகுறையாகக் கேட்டால் யாராலும் உதவ முடியாது. மூலநிரலோடு இன்ஸ்டோல் குறிப்பு வருகிறது. ஓட்டோஜென், கொன்பிகர், மேக், சுடோ மேக் இன்ஸ்டோல், கடைசியில் சுடோ எல்டிகொன்பிக். ஐந்து வரி. அந்த ஐந்தையும் வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் உபுண்டு போன்றவற்றில் தயார் பொதிகளை இன்ஸ்டோல் பண்ணும் ஆப்ட் தருவதை வைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பது நல்லது. கொம்பைல் எல்லோருக்குமான வேலை இல்லை.

திருமலை_வாசிகசாலை:
உபுண்டு 20.04, ரேம் 4 ஜீபி. பிழை இதுதான்: 'எரர் வைல் லோடிங் ஷெயார்ட் லைப்ரரீஸ்: லிப்டெசராக்ட்.எஸ்ஓ.5: கனொட் ஓப்பன் ஷெயார்ட் ஒப்ஜெக்ட் பைல்'. அந்தப் பெயரில் பைல் யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் உள்ளே கிடக்கிறது. முன்பு ஆப்டில் போட்ட 4.1.1 உம் இருக்கிறது.

தம்பலகாமம்_வயல்:
கேர்னல் ஐயா சொன்ன கடைசி வரிதான் மருந்து. மூலநிரலில் இருந்து போடும்போது, வேறு இடம் சொல்லாவிட்டால் எல்லாம் யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் போகும். நிரல் தொடங்கும்போது லைப்ரரியைத் தேடித் தருகிற லோடர் ஒவ்வொரு போல்டராக அலைவதில்லை. ஏற்கெனவே எழுதி வைத்த ஒரு பட்டியலைப் பார்க்கும். புதிதாக வந்த பைல் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. 'சுடோ எல்டிகொன்பிக்' என்று ஒரு தடவை கொடுங்கள், பட்டியல் புதுப்பிக்கப்படும். உபுண்டுவில் யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கெனவே தேடும் இடங்களில் ஒன்று, அதனால் கொன்பிக் பைல் எதையும் தொட வேண்டாம்.

அப்புறம் 'ஹேஷ் -ஆர்' கொடுங்கள், அல்லது டெர்மினலை மூடித் திறவுங்கள். டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற பாஷ் பழைய 4.1.1 இருந்த இடத்தை ஞாபகம் வைத்திருந்தால் அதையே ஓட்டும்.

திருமலை_வாசிகசாலை:
நன்றி அண்ணா. பதிப்பு இப்போது 5 என்று காட்டுகிறது. ஆனால் படத்தைக் கொடுத்தால் யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷெயார்/டெஸ்டேட்டா உள்ளே 'டிஏஎம்' என்ற தமிழ் டேட்டா பைலைத் திறக்க முடியவில்லையாம். மொழி டேட்டா எங்கே என்று சொல்லும் 'டெஸ்டேட்டா ப்ரிபிக்ஸ்' சரியாக இருக்கிறதா பார் என்கிறது.

கிண்ணியா_நானா:
டெஸ்டேட்டா போல்டருக்கு ஒரு படி மேலே உள்ள போல்டரை ப்ரிபிக்ஸ் என்று கொடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் வைப்பேன்.

தம்பலகாமம்_வயல்:
அது 3ஆம் பதிப்புக் காலத்து வழக்கம் நானா. 4இல் இருந்து டெஸ்டேட்டா போல்டரையே கொடுக்க வேண்டும்.

தம்பி, நீங்கள் கொம்பைல் பண்ணியது இயந்திரத்தை மட்டும்தான். மொழி டேட்டா தனியாக வர வேண்டும். ஆப்டில் தமிழையும் போட்டிருந்தீர்கள் என்றால் டவுன்லோட் தேவையே இல்லை. யூஎஸ்ஆர்/ஷெயார்/டெசராக்ட்-ஓசிஆர்/4.00/டெஸ்டேட்டா உள்ளே அது இருக்கும். அதையே 5உம் வாசிக்கும்.

மட்டுநகர்_பைத்தன்:
அதில் இருப்பது 'பாஸ்ட்' வகை. அச்சு நூல் என்றால் 'பெஸ்ட்' வகையை எடுங்கள், மெதுவாக ஓடினாலும் கவனமாக வாசிக்கும். கிட்ஹப்பில் களஞ்சியம் முழுவதையும் குளோன் பண்ண வேண்டாம், டேட்டா கார்ட் காலியாகிவிடும். தமிழுக்கான ஒரு பைல் போதும்.

திருமலை_வாசிகசாலை:
பெஸ்ட் எடுத்து வைத்தேன். 'பெயில்ட் லோடிங் லாங்குவேஜ்' என்கிறது. இங்கே கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது.

மட்டுநகர்_பைத்தன்:
பைல் எத்தனை கேபி? பக்கத்தில் பெயருக்கு மேல் வலது கிளிக் பண்ணி சேமித்தால் இறங்குவது அந்த வலைப்பக்கம், டேட்டா இல்லை. 'ரோ' என்ற பொத்தான் வழியாக எடுக்க வேண்டும். டெர்மினலில் 'பைல்' என்று போட்டு அந்தப் பெயரைக் கொடுங்கள், எச்டிஎம்எல் என்று வந்தால் அதுதான் காரணம்.

நிலாவெளிக்_காற்று:
இடையில் ஒன்று கேட்கிறேன். என்ன நூல்? எத்தனை டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) ஸ்கேன் பண்ணினீர்கள்?

திருமலை_வாசிகசாலை:
எங்கள் வாசிகசாலையில் மிஞ்சிய பழைய மலர்கள், ஆண்டு விழா இதழ்கள். 1990 இடப்பெயர்வில் பாதி போய்விட்டது, மிச்சத்தில் கறையான். 150 டிபிஐயில் எல்லாம் எடுத்துவிட்டேன், பைல் சின்னதாக இருக்கட்டும் என்று.

நிலாவெளிக்_காற்று:
தம்பி, டெசராக்டை இப்போதே மூடுங்கள். எல்டிகொன்பிக்கும் டேட்டாவும் அடுத்த கிழமையும் இங்கேதான் இருக்கும். ஸ்கேனர் நாளைக்குப் போய்விடும். 150 டிபிஐயில் தமிழின் மெய்ப்புள்ளியும் கொம்பின் சுழியும் அழுக்கோடு அழுக்காகிவிடும். எந்தப் பதிப்பைக் கொம்பைல் பண்ணினாலும் படத்தில் இல்லாத புள்ளியை அது வாசிக்காது. டெசராக்ட் செய்தவர்களே குறைந்தது 300 டிபிஐ வேண்டும் என்கிறார்கள். இரவோடு இரவாக 300இல், சாம்பல் நிறத்தில், டிப் பைலாகத் திரும்ப எடுங்கள். படத்தைச் சுருக்கி விவரத்தைக் குறைக்கும் ஜேபெக் வேண்டாம். கறையான் அரித்த பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள், மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. எல்லாம் முடியாது என்றால் ஆக மோசமாக உதிர்கிற இதழ்களை முதலில் எடுங்கள், நல்ல தாளில் உள்ளவை அடுத்த தடவைக்கும் தாங்கும்.

ஏற்கெனவே யாராவது எண்ணிமப்படுத்தியிருக்கிறார்களா என்று நூலகம் தளத்திலும் ஒரு தடவை தேடுங்கள். 2005இல் இருந்து ஈழத்து வெளியீடுகளைச் சேர்த்து வருகிறார்கள். அங்கே இருக்கும் இதழை விட்டு இல்லாததை எடுத்தால் ஒரு இரவு மிச்சம்.

பழைய_கேர்னல்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்காது. அதோடு 4.1.1 ஏற்கெனவே இருக்கும்போது 5 எதற்கு? நரம்பு வலை வாசிப்பு 4இலேயே வந்துவிட்டது. 5இல் கணக்கிடும் விதத்தை மாற்றி வேகத்தையும் ரேம் செலவையும் சீராக்கியிருக்கிறார்கள். தமிழ் எழுத்தை வாசிக்கும் தரத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்கக் கூடாது. 'சுடோ மேக் இன்ஸ்டோல்' போட்டால் ஆப்டுக்கு அந்த பைல்கள் இருப்பதே தெரியாது, பிறகு கழற்றுவது தலைவலி.

மட்டுநகர்_பைத்தன்:
கழற்ற 'மேக் அன்இன்ஸ்டோல்' இருக்கிறது, கொம்பைல் பண்ணிய போல்டரை அழிக்காமல் இருந்தால் போதும். முடிந்தால் கொன்பிகர் பண்ணும்போதே ப்ரிபிக்ஸாக, அதாவது இன்ஸ்டோல் ஆகும் இடமாக, வீட்டு போல்டருக்குள் ஒரு இடத்தைக் கொடுக்கலாம், சுடோவும் வேண்டாம். புதுப் பதிப்பு வேண்டும் என்று ஒருவர் முயன்றால் தடுக்கக் கூடாது. நாங்கள் எல்லோரும் இப்படி உடைத்துப் பழகித்தான் வந்தோம்.

பழைய_கேர்னல்:
பழகுவதற்கு ஒரு நேரம் இருக்கிறது. உதிர்கிற புத்தகம் கையில் இருக்கும்போது இல்லை.

மூதூர்_ஆசிரியை:
கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டொக்ஸில் திறந்தால் எழுத்து வந்துவிடுமே. விக்கிமூலத்தில் தமிழ் நூல்களுக்கு கூகுளின் வாசிப்பைத்தான் பெரிதாகப் பயன்படுத்தினார்கள். அச்சுப் பழசாக இருந்தாலும் நன்றாகவே வாசிக்கும்.

மட்டுநகர்_பைத்தன்:
வாசிக்கும் ரீச்சர். ஆனால் 300 டிபிஐ பக்கங்களை டேட்டா கார்டில் ஏற்றினால் மாதச் சம்பளம் போய்விடும். டெசராக்ட் கரண்ட் இருந்தால் போதும், இணையம் வேண்டாம். நாளைக்கு யாராவது அந்தச் சேவையை நிறுத்தினாலும் இது கையில் இருக்கும்.

மூதூர்_ஆசிரியை:
சரி. அப்படியென்றால் பழைய எழுத்தை என்ன செய்வது? றா, னா, லை, ணை எல்லாம் பழைய வடிவத்தில் அச்சான மலர்கள் அவை. தமிழ்நாட்டில் 1978இல்தான் மாற்றினார்கள், எங்கள் பக்கத்து அச்சகங்களில் பழைய அச்செழுத்துகள்தான் இருந்தன.

தம்பலகாமம்_வயல்:
நல்ல கேள்வி ரீச்சர். அந்த இடங்களில் டெசராக்ட் தடுமாறத்தான் செய்யும். ஒரே இதழில் சில பக்கங்களைக் கையால் திருத்தி, அதை வைத்து டெசராக்டின் தமிழ் மொழி டேட்டாவை மேலும் பழக்கலாம். அதற்கு அடிப்படையாக பெஸ்ட் வகைதான் வேண்டும், பாஸ்ட்டை அப்படிப் பழக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவாவது மூலநிரலில் இருந்து கொம்பைல் பண்ணிப் பழகுவது வீண் இல்லை. 'மேக் டிரெய்னிங்', பிறகு 'சுடோ மேக் டிரெய்னிங்-இன்ஸ்டோல்'. ஐசியு, பாங்கோ, கெய்ரோ என்ற மூன்று லைப்ரரிகளின் 'டெவ்' பொதிகளை முதலில் போட்டுவிட்டு கொன்பிகரைத் திரும்ப ஓட்ட வேண்டும்.

கிண்ணியா_நானா:
டிரெய்னிங் என்றால் 4 ஜீபி போதாது. சுவாப் கூட்டச் சொன்னேன் அல்லவா.

தம்பலகாமம்_வயல்:
டிரெய்னிங்குக்குச் சரிதான் நானா.

நிலாவெளிக்_காற்று:
தம்பி, எத்தனை இதழ் முடிந்தது?

திருமலை_வாசிகசாலை:
உதிர்கிறதெல்லாம் 300இல் எடுத்தாயிற்று. ஸ்கேனரும் கொடுத்தாயிற்று. ஆப்ட் போல்டரில் இருந்த தமிழ் டேட்டாவைக் கொப்பி பண்ணினேன், 5 ஓடுகிறது. புள்ளிகள் வருகின்றன. லையும் ணையும் பிழையாக வருகின்றன. எல்லோருக்கும் நன்றி.

மூதூர்_ஆசிரியை:
திருத்துவதற்கு ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள் தம்பி. பக்கங்களை அனுப்பினால் என் மாணவிகள் சிலரோடு உட்கார்ந்து திருத்தித் தருவேன். எந்த ஆண்டு இதழ்கள் என்று மட்டும் முதலில் எழுதுங்கள்.