புதுப்பிப்பு: படங்களை ஒதுக்கிவிட்டுக் கோப்பு தேடுதல்

கானாடுகாத்தான் வீட்டுப் பழுதுபார்ப்புக் கோப்புறையில் ‘முகப்பு’ என்று தேடினால் புகைப்படங்களே குவிகின்றன, வரைபடமும் மதிப்பீடும் மட்டும் வர வழியுண்டா என்று கேட்டிருந்தேன்.

விண்டோஸ் கணினியில் கோப்புகளைப் பெயரால் தேடித் தரும் எவ்ரிதிங் நிரலில் வழி இருக்கிறது. ‘முகப்பு’ என எழுதி, இடைவெளி விட்டு, ஆச்சரியக்குறி, நட்சத்திரக்குறி, புள்ளி, ஜேபிஜி (படக்கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகள், ஆங்கிலத்தில்) ஆகியவற்றை ஒட்டி எழுத வேண்டும். விலக்கும் வேலை ஆச்சரியக்குறியுடையது. பிஎன்ஜி என முடியும் படங்களும் வேண்டாமென்றால் மறுபடி இடைவெளி விட்டு அதேபோல. இரண்டுக்கும் நடுவே ‘அல்லது’ என்பதற்கான செங்குத்துக் கோட்டைப் போட்டால் எதுவுமே விலகாது: ஜேபிஜி கோப்பு பிஎன்ஜி அல்லவே, அந்தச் சாக்கில் உள்ளே வந்துவிடும்!

ஆத்தங்குடிக் கல்லின் விலைப்பட்டியல்கூட இப்போது முதல் வரியிலேயே நிற்கிறது. ஜேபிஇஜி என முடிபவை நழுவினால், ‘ஜேபி’க்கும் ‘ஜி’க்கும் இடையே இன்னொரு நட்சத்திரம் போடுங்கள்; இரண்டும் போய்விடும்.