மூன்று வார விடுமுறையில் வெளிநாட்டுப் பிள்ளைகளிடையே தொண்டூழியம்: போகலாமா?

கேள்வி (ஈசூன் மாணவி)

அனைவருக்கும் வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதத் தொடக்கத்தில் தேர்வுகள் முடிந்தால் ஆகஸ்ட் வரை விடுமுறை என்பதால், அதில் மூன்று வாரங்களை வெளிநாட்டில் பிள்ளைகளுடன் தொண்டூழியம் செய்வதற்கு ஒதுக்க எண்ணியிருக்கிறேன். கம்போடியாவில் சியம் ரீப் நகருக்கு அருகிலுள்ள ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பி வைப்பதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. விமானக் கட்டணம் நீங்கலாக 1,900 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார்கள். ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பது, விளையாட்டு நடத்துவது முதல் இரவில் தூங்க வைப்பது வரை எல்லாவற்றிலும் பங்கு பெறலாம் என்றும், முன் அனுபவம் தேவையில்லை என்றும் விளம்பரத்தில் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளாக எங்கள் வட்டாரத்து மாணவர் பராமரிப்பு நிலையத்தில் வாரம் ஒரு நாள் தொடக்கநிலை இரண்டு, மூன்று பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் உதவி வருகிறேன். படிப்பு முடிந்ததும் இளையர் பணிக்கே போகலாமா என்ற எண்ணமும் வலுத்து வருகிறது. ஆனால் அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை: "மூன்று வாரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு நீ என்ன செய்துவிட முடியும்?" இப்படிப் போய் வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (இளையர் பணியாளர், உட்லண்ட்ஸ்)

தங்கைக்கு வணக்கம். உங்கள் அம்மா சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், "இரவில் தூங்க வைப்பது" என்ற வரியைப் படித்ததுமே எனக்குக் கவலை வந்துவிட்டது. பின்னணி அறியாத ஒருவரை, மூன்று வாரத்துக்கு மட்டும் வருபவரை, பிள்ளைகள் படுக்கும் அறைக்குள் விடும் இல்லம் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி யோசித்த இல்லமாக இருக்க முடியாது.

கம்போடியாவில் இத்தகைய இல்லங்கள் 2005ஆம் ஆண்டில் 154 இருந்தன. 2010ஆம் ஆண்டில் 269 ஆகிவிட்டன. அவற்றில் வளரும் பிள்ளைகளில் நால்வரில் மூவருக்காவது தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதும் அப்போதே தெரிய வந்தது. சோறும் படிப்பும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏழைப் பெற்றோர் பிள்ளைகளை ஒப்படைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வந்த வெளிநாட்டவரின் பணத்தால் இல்லங்கள் பெருகின. ஆகவே நீங்கள் செலுத்தும் 1,900 வெள்ளி ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வைக்கும் ஏற்பாட்டுக்குத் துணைபோகக்கூடும். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், அநாதை இல்லங்களில் நடக்கும் இத்தகைய தொண்டூழியச் சுற்றுலாவின் தீங்குகளைக் குறிப்பிட்டே பேசியது.

எங்கள் நிலையத்தில் ஓராண்டில் பணியாளர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். நான்காவதாக ஒருவர் வந்து சேர்ந்த அன்று, ஏழு வயதுப் பையன் ஒருவன் அவருடைய பெயரைக்கூடக் கேட்காமல், பென்சிலைச் சீவிக்கொண்டே, "நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டான். பெற்றோருடன் வாழும் பிள்ளைக்கே அப்படி என்றால், மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு புது அக்காவைக் கட்டிக்கொண்டு அழுது வழியனுப்பும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

எந்த அமைப்போடு போவதாக இருந்தாலும், அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் கவனியுங்கள். சிங்கப்பூர்க் காவல்துறை வழங்கும் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ், உங்களை அறிந்த ஒருவரின் பரிந்துரை, பிள்ளைகளிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றிய எழுத்துவடிவ விதிகள், ஒரு பிள்ளையுடன் ஒரு பெரியவர் தனித்திருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, படம் எடுப்பதற்கான விதி ஆகியவை இருக்க வேண்டும். இவை எதையும் கேட்காமல் உங்களைச் சேர்த்துக்கொள்பவர்கள் எவரையும் சேர்த்துக்கொள்வார்கள்.

மறுமொழி 2 (மலையகத்துப் பெண், பூன் லே)

நான் தொண்டூழியர்கள் தேடி வந்த பிள்ளைகளின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்து வளர்ந்தவள். திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தேன். நான் சிறுமியாக இருந்தபோது ஒவ்வோர் ஆகஸ்ட் விடுமுறைக்கும் வெளிநாட்டிலிருந்து அக்காமாரும் அண்ணன்மாரும் இரண்டு வாரம் வந்து எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார்கள். அன்பானவர்கள், அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வந்தவர்கள் 'ஏ' என்ற எழுத்திலிருந்தே தொடங்கினார்கள். 'எம்' அல்லது 'என்' வரும்போது இரண்டு வாரம் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு வேறு முகங்கள், மீண்டும் 'ஏ'. முந்தைய ஆண்டு எதுவரை படித்தோம் என்று எங்கள் ஆசிரியையிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர் வகுப்பின் ஓரத்தில் கைகட்டி நின்றிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஓராண்டு மட்டும் வேறுமாதிரி நடந்தது. வந்த அக்கா எங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. பிள்ளைக் காம்பராவை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை) பார்த்துக்கொண்ட அம்மாவோடு காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து, பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, படம் வரைந்து, கஞ்சிப் பசையால் ஒட்டி, தமிழ் எழுத்து அட்டைகள் செய்தார். தமிழ் எழுத்துகளை அந்த அம்மா எழுதினார். படங்களை அக்கா வரைந்தார். 'ஆ' அட்டையில் இருந்த ஆட்டுக்கு ஒரு காது கிழிந்து போயிருந்தது. அந்த அட்டையை என் தம்பியும் படித்தான், அவனுக்குப் பின் என் சித்தியின் மகளும் படித்தாள்.

மகளே, நீங்கள் போனால், நீங்கள் கிளம்பிய பிறகும் அங்கே இருக்கப்போகும் பெரியவருக்கு உதவியாகப் போங்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் பிடித்துப்போவது எளிது, அதற்கு ஒரு பலூன் போதும்.

மறுமொழி 3 (முன்னாள் குழுத் தலைவர், பிடோக்)

மேலே இருவரும் எழுதியதை ஏற்கிறேன். ஆனாலும் குறுகிய காலத் தொண்டூழியமே வேண்டாம் என்று தங்கை முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இயல்பிலேயே குறுகிய காலம் நடக்கும் வேலைகள் உண்டு. விடுமுறை முகாம் அப்படிப்பட்டது: பிள்ளை பத்து நாள் விளையாடிக் கற்றுவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்புகிறது, நீங்களும் திரும்புகிறீர்கள், எவரும் கைவிடப்படுவதில்லை. அமெரிக்காவின் கோடைக்கால முகாம்கள் இதற்கென்றே தனி விசாவில் 18 வயது நிரம்பிய வெளிநாட்டவரை அதிகபட்சம் நான்கு மாதம் சேர்த்துக்கொள்கின்றன. அது ஊதியம் உள்ள வேலை என்பதால் உங்கள் நோக்கத்துக்குப் பொருந்துமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

என் எண்ணம் தமிழ்நாட்டின் பக்கம் போகிறது. அங்கே பள்ளிகளுக்கு மே மாதம் கோடை விடுமுறை, திறப்பது ஜூனில். உங்கள் தேர்வு முடியும் காலத்தோடு அது ஒத்து வருகிறது. கம்போடியாவில் கெமர் மொழி தெரியாமல் கைகாட்டிப் பேசப்போகும் நீங்கள், அங்கே ஒரு பிள்ளை முனகும் சொல்லையும் புரிந்துகொள்வீர்கள். மாணவர்களோடு பழகுவதில் இதைவிடப் பெரிய தகுதி இல்லை. இந்தியாவின் மின்சுற்றுலா விசாவில், பணமோ கைம்மாறோ பெறாத தொண்டூழியத்தை ஒரு மாதம் வரை செய்ய அனுமதி உண்டு. மே மாத வெயில் மிகக் கடுமையானது. காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் விளையாட்டை முடித்துவிடுங்கள்.

ஆனால் போகும் ஊரின் விடுமுறை நாள்களை முன்கூட்டியே சரிபாருங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூர் இளையரைத் தொண்டூழியத்துக்கு வெளிநாடு அனுப்புவதற்காக 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இளையர் பயணத் திட்டத்தின் வழியாக, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களை மதுரைக்கு அருகே ஒரு கிராமப் பள்ளிக்கு ஒரு டிசம்பரில் அழைத்துச் சென்றேன். நமக்கு விடுமுறை என்பதை மட்டும் பார்த்தேன். அங்கே அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. விருந்தினரை வருத்தக் கூடாது என்று தலைமையாசிரியை மௌனமாக இருந்தார். நாங்கள் பாட்டும் ஆட்டமுமாக இருந்த மதிய வேளையில், ஒரு மாணவி எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் உட்கார்ந்து, இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அறிவியல் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மறுநாளே நிகழ்ச்சியை நிறுத்தினோம். போவதற்கு முன்பு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமானதாக இருந்திருக்கும்.

இடம் எதுவானாலும் புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, டைபாய்டு, ஹெப்படைடிஸ் ஏ தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள்; நாய்கள் மிகுந்த கிராமப்புறம் என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள்.

ஈசூன் மாணவி

அண்ணனுக்கும், அக்காவுக்கும், ஐயாவுக்கும் மிக்க நன்றி. மூவர் எழுதியதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, காவல்துறைச் சான்றிதழ் எப்போது தர வேண்டும் என்று கேட்டேன். கடப்பிதழின் நகலும் பணம் கட்டிய ரசீதும் போதும் என்று அன்றே பதில் வந்தது. நான் பணம் கட்டவில்லை.

அம்மாவின் ஊர் திருச்சிக்கு அருகில் இருக்கிறது. அங்கே மாலை வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியையிடம் மாமா மூலமாகப் பேசினேன். மே மாதம் பத்து நாள் முகாம் நடத்த அவருக்கும் ஆசை, ஆனால் துணைக்கு ஆள் இல்லை என்றார். பிள்ளைகள் இப்போது எதுவரை படித்திருக்கிறார்கள் என்று கேட்டபோது, சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். அரை மணி நேரம் எழுதிக்கொண்டே இருந்தேன். மொத்தம் 23 பேர், ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை. இத்தனை வயது வேறுபாடு உள்ளவர்களை ஒரே கூடத்தில் வைத்து நடத்திய அனுபவம் யாருக்காவது இருந்தால், எப்படிப் பிரித்தீர்கள் என்று எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 4 (இளையர் பணியாளர், உட்லண்ட்ஸ்)

வயதுவாரியாகப் பிரிக்காமல், மூத்த பிள்ளை ஒருவருக்குச் சிறியவர் இருவர் என்று சேர்த்துப் பாருங்கள். எந்தச் சிறியவரை யாரிடம் விடலாம் என்பதை மட்டும் அந்த ஆசிரியையே முடிவு செய்யட்டும். எந்த வீட்டுப் பிள்ளைகள் ஒத்துப்போவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.