பைபர் படகில் விஎச்எஃப்: 5 கிமீ தாண்டினால் நம் குரல் கேட்பதில்லை

தேவனாம்பட்டினம்_படகு:
25 வாட் விஎச்எஃப் செட் (கடலில் படகுகள் பேசிக்கொள்ளும் வயர்லெஸ்). கார் வயர்லெஸ்ஸுக்கு வரும் கால் அலை ஆன்டெனாவை (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி), தண்ணீரிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் மாட்டியிருக்கிறோம். மற்றவர்கள் பேசுவது கேட்கிறது. நாங்கள் பேசினால் 5 கிமீக்கு மேல் யாருக்கும் கேட்பதில்லை. மைக்கை அழுத்தினால் டிஸ்ப்ளே மங்குகிறது. அந்தக் காலத்துக் கப்பல்கள் நூற்றுக்கணக்கான மைலுக்குத் தந்தி அடித்தனவே, இது மட்டும் ஏன் இப்படி? சாட்டிலைட் கருவி வந்துவிட்ட பிறகு இதற்குச் செலவு செய்யலாமா?

கம்பியில்லா_முதுநகர்:
டிஸ்ப்ளே மங்கினால் முதல் சந்தேகம் பேட்டரி ஒயர்தான். 25 வாட்டில் பேசும்போது செட் 5 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். 0.5 சதுர மிமீ ஒயர் 5 மீட்டர் தூரம் ஓடினால், போக வர 10 மீட்டருக்கு 2 வோல்ட் போய்விடும். கேட்பதற்கு மின்சாரம் கொஞ்சம் போதும், அதனால்தான் கேட்பதில் குறை தெரியவில்லை. 2.5 சதுர மிமீ ஒயராக மாற்றுங்கள், இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். பியூஸ் பேட்டரிப் பக்கம் இருக்கட்டும்.

ஒயரை மாற்றுமுன் ஒரு சோதனை: 1 வாட்டுக்கு மாற்றிப் பேசுங்கள். டிஸ்ப்ளே மங்காமல், அதே தூரத்துக்குக் குரலும் போனால் கோளாறு மின்சாரப் பாதையில்தான்.

தேங்காய்த்திட்டு_ஆன்டெனா:
ஒயரோடு ஆன்டெனாவும் தப்பு. கால் அலைக் கம்பிக்கு அடியில் உலோகத் தகடு வேண்டும். காருக்குக் கூரை இருக்கிறது, பைபருக்கு ஒன்றுமில்லை. தகடு தேவைப்படாத அரை அலை மரைன் ஆன்டெனா வாங்குங்கள், 3 டெசிபல் (கதிரைக் குவிக்கும் அளவு) போதும். 6, 9 டெசிபல் வாங்காதீர்கள்: அவற்றின் கதிர் தட்டையாக இருக்கும், படகு ஆடும்போது வானத்துக்கும் தண்ணீருக்கும் போய்விடும்.

அதைவிட முக்கியம் உயரம். இரு ஆன்டெனாக்களின் உயரங்களுக்கும் மீட்டரில் வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிமீயில் வரும். 1 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால் 8 கிமீ. இரண்டும் 4 மீட்டர் என்றால் 16 கிமீ. உங்கள் 4 மீட்டருக்குக் கரையில் 25 மீட்டர் கோபுரம் இருந்தால் கிட்டத்தட்ட 29 கிமீ. விஎச்எஃப் அலை ஏறக்குறைய அடிவானம் வரைதான் போகும்; 100 வாட் போட்டாலும் அடிவானம் நகராது.

கேபிள் மெல்லிய ஆர்ஜி-58 என்றால் 10 மீட்டரில் சுமார் 2 டெசிபல் இழப்பு, அதாவது 25 வாட்டில் 16தான் மேலே போகும். தடித்த ஆர்ஜி-213 போடுங்கள். கேபிள் முனையில் உள்ள பிஎல்-259 கனெக்டரில் உப்புத் தண்ணீர் இறங்கினால் உள்ளே வலைக்கம்பி கறுத்துவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.

தேவனாம்பட்டினம்_படகு:
எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்புகிறதா என்று பார்க்கும் கருவி) இல்லை. மல்டிமீட்டரில் பார்க்கலாமா?

தேங்காய்த்திட்டு_ஆன்டெனா:
கேபிளை மட்டும் பார்க்கலாம். இரு முனையும் கழற்றிவிட்டு, நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள வலைக்கம்பிக்கும் இடையே தொடர்பு காட்டினால் கேபிள் போய்விட்டது. ஆன்டெனாவோடு சேர்த்து அளக்காதீர்கள், பல மரைன் ஆன்டெனாக்கள் நல்ல நிலையிலேயே ஷார்ட் காட்டும்.

கம்பியில்லா_முதுநகர்:
பழைய கப்பல் கேள்விக்கு: டைட்டானிக் 1912இல் உதவி கேட்டது 600 மீட்டர் நீள அலையில். அது கடல்நீரை ஒட்டி வளைந்து போகும். ஆனால் கால் அலைக்கே 150 மீட்டர் கம்பி வேண்டும், அந்தக் கப்பலின் கருவி 5 கிலோவாட். அபாய அழைப்புக்கான சானல் 16இன் 156.8 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மீட்டர்கூட வேண்டாம். சிறு படகுக்கு ரேடியோ கிடைத்ததே இதனால்தான். தூரம் குறைந்தது அதற்கான விலை. 1999 பிப்ரவரியில் கப்பல்களுக்கான புதிய அபாய அறிவிப்பு முறை முழுமையாக வந்ததும் மோர்ஸ் தந்திக் கட்டாயம் ஒழிந்தது.

சாட்டிலைட்டையும் விடாதீர்கள். இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் (படகுக்கான சாட்டிலைட் கருவி) விஎச்எஃப் எட்டாத தூரத்திலும் இருவழிச் செய்தி கொண்டு போகும். ஆனால் 3 கிமீயில் வலை போடும் படகுதான் முதலில் வந்து தூக்கும். அதற்குக் கேட்பது சானல் 16. அடுத்து வரும் விடிஇஎஸ் (விஎச்எஃப் தரவுப் பரிமாற்ற முறை) இதே விஎச்எஃப் அலைவரிசையில் தரவையும் அனுப்பும். ஆன்டெனாவை இப்போதே உயரத்தில் ஏற்றுங்கள்.